டியூபாவுக்கும் புல்லாங்குழலுக்கும்

ஒருநாள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அந்த டீச்சர் தனக்கு ஒரு டிக்கட்டும், பக்கத்து இருக்கையில் வைத்திருந்த டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுவாத்தியத்துக்கு அரை டிக்கட்டும் கேட்டார். கண்டக்டர் சிங்களவர்.

"அரை டிக்கட் பிள்ளைங்களுக்குத்தான் மிஸ்" என்றார் அவர் சிங்களத்தில்.

"இதுக்கும் பன்னிரண்டு வயசு ஆகலையே. போன வருஷம்தான் எங்க ஸ்கூலுக்கு வந்துச்சு" என்று இவரும் சிங்களத்திலேயே சொன்னார்.

பஸ் முழுக்கச் சிரித்தது. நான் இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்து, அவரோடு வராதவளைப் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்தளையில் இறங்கிய பிறகுதான் அவரிடம் பேசினேன்.

அந்த டீச்சரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இதை வாசித்த யாராவது அவரைத் தேடிப் போய், "உங்களைப் பத்தி எழுதியிருக்காங்க" என்று சொன்னால் அவர் சந்தோஷப்படுவார். அதை என்னால் தாங்க முடியாது.

பலாபத்வலயைத் தாண்டி, மிளகும் கொக்கோவும் நிற்கிற ஒரு சரிவில் எங்கள் தமிழ்ப் பாடசாலை இருந்தது. நான் கணிதம் படிப்பித்தேன், அவர் மனையியல். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யுத்தம் வடக்கில் நடந்தது. எங்கள் பக்கம் குண்டு விழவில்லை. ஆனால் வடக்கில் ஏதாவது நடந்தால் மறுநாள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி அடையாள அட்டை கேட்பார்கள்.

ஏதோ வெளிநாட்டு உதவி என்று பாடசாலைக்கு ஒரு பெட்டி நிறைய பாண்ட் வாத்தியங்கள் வந்தன. மேளங்களைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். டியூபாவை எந்தப் பிள்ளையாலும் தூக்க முடியவில்லை. விஞ்ஞான அறையின் மூலையில், வாயை மேலே பார்க்க வைத்துக்கொண்டு பல மாதங்கள் கிடந்தது. அதற்குள் பல்லி முட்டையிட்டது. ஒருநாள் அவர் பாடசாலை அதிபரின் அறைக்குப் போய், "சேர், அந்தப் பெருசை நான் ஊதிப் பாக்கலாமா?" என்று கேட்டார். நான் அப்போது அங்கே வகுப்பு நேரசூசி வாங்க நின்றிருந்தேன்.

"ஊதத் தெரியுமா டீச்சர்?"

"தெரியாது சேர். எங்கப்பா ஊதுவாரு."

"இது ஆம்பளைங்களே தூக்கக் கஷ்டப்படுற சாமான்."

"கேட்டா என்ன சேர், இல்லைன்னுதானே சொல்லப் போறீங்க."

அதிபரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. டீச்சரிடம் யாருக்குமே அப்படிச் சொல்வது சுலபமாக இருந்ததில்லை. அவருடைய சுபாவம் முழுவதும் 'கேட்டா என்ன' என்ற அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. யாரிடமும் எதையும் கேட்பார். கேட்பதில் அவருக்குத் துளிக்கூடக் கூச்சம் கிடையாது. கிடைக்காவிட்டால் முகம் வாடாது. அடுத்த ஆளிடம் போய்க் கேட்பார்.

யட்டவத்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா அங்கே மிஷன் சபையின் பாண்டில் ஊதியவராம். லயத்து வீட்டுச் சுவரில் கரிக்கட்டையால் ஐந்து கோடு கிழித்து, அதில் புள்ளி வைத்து மகளுக்கு இசைக்குறிப்பு சொல்லிக்கொடுத்திருக்கிறார். சுண்ணாம்பு அடிக்கும்போதெல்லாம் பாடம் அழிந்துபோகும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம் என்று சொல்லிச் சிரிப்பார். ஆள் குள்ளம், மெலிவு. டியூபாவை மடியில் வைத்து உட்கார்ந்தால் செருப்புப் போட்ட இரண்டு கால்களும் பொத்தான்களில் மூன்று விரல்களும்தான் தெரியும். வாயில் எப்போதும் ஒரு கராம்பு இருக்கும். ஊதுவதற்கு முன் அதை எடுத்து கைலேஞ்சியின் முனையில் முடிந்துகொள்வார். அந்த லேஞ்சியாலேயே ஊதுகிண்ணத்தையும் துடைப்பார். அதனால் எங்கள் டியூபாவில் எப்போதும் கராம்பு வாசம்.

எனக்குப் புல்லாங்குழல் தெரியும் என்பதையும் அவர்தான் கேட்டுக் கேட்டு வெளியே எடுத்தார். கண்டியில் படிக்கும்போது கன்னியாஸ்திரி ஒருவர் மேற்கத்திய புல்லாங்குழல் சொல்லிக்கொடுத்திருந்தார். போகும்போது தன்னுடையதை எனக்கே தந்துவிட்டுப் போனார். கல்யாணத்துக்குப் பிறகு அது அலுமாரியின் அடித்தட்டில் கிடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பாடசாலை விட்ட பிறகு, "கொண்டாங்களேன், சும்மா ஒருக்கா" என்றார். கொண்டுபோனேன். ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்தார். நான்கு குரல்களுக்கு எழுதிய பாட்டு.

"மேல இருக்கிறது உங்களுக்கு. அடியில இருக்கிறது எனக்கு. நடுவுல ரெண்டு பேரு இருக்காங்க, அவங்க இன்னைக்கு வீட்டுல இருக்கட்டும்."

நான் தொடங்கினேன். இரண்டாவது அடியில் அவருடைய சுரம் கீழே வந்து உட்கார்ந்தது. தரை அதிர்ந்தது. என் குழலின் சத்தம் அதன்மேல் நிற்பதை முதன்முறையாகக் கேட்டேன். அவ்வளவு காலமும் நான் ஊதியதெல்லாம் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது என்று தோன்றியது. அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாங்கள் வாசித்தோம்.

சிக்கல்களும் இருந்தன. இரண்டுமே மூச்சைக் குடிக்கும் வாத்தியங்கள். ஒரே இடத்தில் இரண்டு பேருக்கும் மூச்சு முடிந்துவிடும், பாட்டு அப்படியே நின்றுபோகும். "நீங்க முதல்ல எடுங்க, நான் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்" என்பார். எழுதிய தாளில் யார் எங்கே மூச்சு எடுப்பது என்று 'மூ' என்ற எழுத்தைக் குறித்து வைப்போம். என் கீழ்ச் சுரங்களை அவருடைய சத்தம் விழுங்கிவிடும். அதற்காகத் தன் கம்பளிச் சட்டையைச் சுருட்டி டியூபாவின் வாய்க்குள் திணித்துக்கொள்வார்.

ஞானப்பாட்டுகள் தீர்ந்த பிறகுதான் தேடல் தொடங்கியது. இந்த இரண்டுக்கும் மட்டுமென்று யாராவது எழுதிய இசை வேண்டும். கண்டியில் வாத்தியம் விற்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். டியூபாவுக்கும் பியானோவுக்கும் இருக்கிறது, புல்லாங்குழலுக்கும் வயலினுக்கும் இருக்கிறது, ஆனால் இந்த ஜோடியை நான் எந்தப் பட்டியலிலும் கண்டதில்லை என்றார்.

"ஒன்னுகூடவா?" என்று கேட்டார் இவர்.

"யானைக்கும் தேன்சிட்டுக்கும் யாரும்மா பாட்டு எழுதுவாங்க?"

எனக்கு முகம் சுண்டிப்போனது. இவர் தெருவில் இறங்கியதும் சொன்னார்: "இருக்கும் டீச்சர். உலகத்துல எங்கயாவது ஒரு மழை நாள்ல, மத்தவங்க யாரும் ப்ராக்டிஸுக்கு வராம, இந்த ரெண்டு ஆளு மட்டும் வந்து உக்காந்திருப்பாங்க. சும்மாவா பாத்துக்கிட்டு இருந்திருப்பாங்க?"

அந்த இரண்டு ஆளைத் தேடி அவர் கேட்காத இடம் இல்லை. மாத்தளையில் பாட்டுக் கெசட் விற்கும் முஸ்லிம் நானாவிடம் கேட்டார். "டீச்சர், கடையில இல்லாத சாமானைக்கூட நீங்க கேட்டா தேடி எடுத்துத் தரணும்போல இருக்கு" என்றார் அவர். முத்துமாரியம்மன் தேர்த் திருவிழாவில் நாதஸ்வரக்காரரிடம், அவர் சீவாளியை மாற்றிக்கொண்டிருந்த இடைவெளியில் கேட்டார். ஒருநாள் மாத்தளை வீதியில் ஒரு மரண ஊர்வலம் போனது. முன்னால் வெள்ளை உடுப்பில் பாண்ட் வாசித்துப் போனவர்களில் ஒரு சிங்களப் பெரியவரோடு கூடவே நடந்து, வாத்தியத்தை அவர் வாயிலிருந்து எடுக்கும் நேரம் பார்த்துக் கேட்டார். சவம் பின்னால் வருகிறது. நான் கடை ஓரமாக ஒதுங்கி நின்று, நிலம் பிளந்து என்னை உள்ளே எடுத்துக்கொள்ளாதா என்று நினைத்தேன். அந்தப் பெரியவர் கோபிக்கவில்லை. அடுத்த வாரம் தன் வீட்டுக்கு வரச்சொல்லி, பழைய அணிநடைப் பாட்டு ஒன்றின் தாளைக் கொடுத்தார்.

பிறகு கடிதங்கள். மாத்தளை நூலகத்தில் இசைப் புத்தகங்களின் பின்பக்கத்தில் கிடைத்த விலாசங்களுக்கெல்லாம் எழுதலாம் என்றார். ஆங்கிலம் எனக்குத்தான் ஓடும். அதனால் நான் எழுதினேன். கையெழுத்துப் போடும் இடம் வந்தபோது, "பேர் உங்க பேரா இருக்கட்டும் டீச்சர்" என்றேன். வெளிநாட்டுக்காரன் சிரித்தால் என் பெயரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்பதுதான் காரணம். அவருக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. எழுத்து என்னுடையது, பெயர் அவருடையது. இப்படி இருபது கடிதங்களுக்குக் குறையாமல் போயின.

பெரும்பாலானவற்றுக்குப் பதில் இல்லை. ஓரிடத்திலிருந்து வருந்துகிறோம் என்று இரண்டு வரி வந்தது. ஏழெட்டு மாதம் கழித்து, பனி விழும் நாடொன்றின் சிறு ஊரிலிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. நாற்பது வருஷம் ஊர் பாண்டில் டியூபா ஊதிய கிழவர் ஒருவர் எழுதியிருந்தார். 'உங்கள் கடிதம் கண்டபிறகு நானும் தேடினேன், கிடைக்கவில்லை. நாற்பது வருஷத்தில் ஒருநாளும் நான் புல்லாங்குழலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆகவே நானே ஒன்று எழுதிவிட்டேன். பிழையிருந்தால் மன்னியுங்கள்.' கூடவே பென்சிலால் எழுதிய நான்கு பக்க இசை. தலைப்பு, 'இரண்டு ஆசிரியைகளுக்கு.'

அந்தக் கடிதத்தை ஆசிரியர் அறையில் என்னை மூன்று முறை சத்தமாக வாசிக்க வைத்தார். அன்றைக்கே சந்தைக்குப் போய்க் கராம்பும் சாதிக்காயும் வாங்கிப் பொதி கட்டி அந்தக் கிழவருக்கு அனுப்பினார்.

அந்த இசையின் நடுவில் ஓர் இடம் வரும். புல்லாங்குழல் ஒரே ஒரு சுரத்தை மேலே நீளமாகப் பிடித்துக்கொண்டிருக்க, எட்டு அடிக்குப் பாட்டு டியூபாவிடம் போய்விடும். அதுவரை அவர் எதிலும் பாட்டை வாசித்ததே இல்லை, அடியில் நின்று தாங்கித்தான் வாசித்திருக்கிறார். அந்த இடம் வந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்துக்கொண்டு டியூபா ஊத முடியாது. புஸ்ஸென்று காற்றுப் போகும். "மன்னிச்சுக்குங்க டீச்சர், மன்னிச்சுக்குங்க, திரும்ப" என்பார். கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பார். அந்த எட்டு அடியை அவர் சிரிக்காமல் ஊதி முடிக்க எங்களுக்குப் பாடசாலைத் தவணை ஒன்று முழுக்கப் பிடித்தது.

எல்லாவற்றையும் மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் அவர் பிரதி எடுத்து வைத்திருந்தார். ஞானப்பாட்டுகள், அணிநடை, தோட்டத்துத் தாலாட்டு ஒன்றை நாங்களே இரண்டாகப் பிரித்தது, கிழவருடையது. எல்லாமாகப் பதினொன்று தேறியது. கடிதங்களின் நகல்களும் வந்த பதில்களும் அதே கொப்பிக்குள்தான் இருந்தன.

மாத்தளையில் ஆசிரியர்களுக்கான ஒரு கலை நிகழ்ச்சி வந்தது. யாரிடமோ கேட்டு அதில் எங்களுக்கு ஓர் இடம் வாங்கிவிட்டார். எனக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. ஆயிரம் பேர் முன்னால் வாசிப்பதற்கான பயம் என்றுதான் நினைத்தேன்.

அன்று காலை பஸ்ஸில் போனோம். வழியில் ஒரு சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி, பையும் அடையாள அட்டையும் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நடக்க வேண்டும். பஸ் அந்தப் பக்கம் போய் நிற்கும். பழகிப்போன காரியம். என் கைப்பையில் பணப்பையும் குடையும்தான் இருந்தன. புல்லாங்குழல் மூன்று துண்டாகத் துவாயில் சுற்றி டியூபாவின் வாய்க்குள் இருந்தது. அதைப் பெட்டியோடு கையில் தூக்கிப் போனால், என்ன இது என்று பஸ்ஸில் யாராவது கேட்பார்களே என்று எனக்குக் கூச்சம். "இதுக்குள்ள எவ்வளவு எடம் இருக்கு, போடுங்க" என்று அவர்தான் வாங்கி வைத்திருந்தார்.

ராணுவத்துப் பையன் டியூபாவின் உறையைத் திறந்தான். துவாயைப் பிரித்தான். மூன்று உலோகக் குழாய்கள். கொப்பியை எடுத்தான். அதிலிருந்து வெளிநாட்டு முத்திரையோடு உறைகள் விழுந்தன. அவன் அதிகாரியைக் கூப்பிட்டான். வரிசையில் டீச்சருக்குப் பின்னால் நான்காவது ஆளாக நான் நின்றேன்.

அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். கோடுகள், கறுப்புப் புள்ளிகள், விரல்களுக்காகப் போட்ட எண்கள், அங்கங்கே வட்டமிட்ட 'மூ'.

"இது என்ன எழுத்து?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"மூச்சு மாத்தயா. மூச்சு எடுக்கிற எடம்."

"யாருக்கு மூச்சு?"

"எங்களுக்கு. இது மியூசிக் மாத்தயா."

வேறு யாராக இருந்தாலும் அதோடு வாயை மூடியிருப்பார்கள். அவர் கேட்டார். எனக்கு இப்போதும் அந்தக் குரல் காதில் இருக்கிறது, மிகவும் நட்பான குரல்.

"மாத்தயா, உங்க ஆமியில பெரிய பாண்ட் இருக்குத்தானே? அதுல இந்த ரெண்டுக்கும் மட்டும் ஏதாவது நோட்ஸ் இருக்குமா? யாரைக் கேட்டா கிடைக்கும்?"

அதிகாரியின் முகம் மாறியது. ஆமியைப் பற்றி நீ எதற்கு விசாரிக்கிறாய் என்றார். அந்தக் கடிதங்கள் யாருக்குப் போகின்றன என்றார். பிறகு குழாய்களைக் காட்டி, "இந்தச் சின்னதை வாசிப்பது யார்?" என்று கேட்டார்.

அவர் பதில் சொல்லவில்லை. திரும்பி என்னைப் பார்க்கவும் இல்லை. அதிகாரி வரிசையை அளந்துகொண்டு வந்து என் அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"நீயும் டீச்சரா? அதே ஸ்கூலா?"

"ஓம் சேர். ஒரே ஸ்கூல்."

"இது உனக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது சேர். நான் கணக்கு டீச்சர்."

கடித நகல் ஒன்றை என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். "இது யாருடைய கையெழுத்து?"

நான் எழுதிய ஆங்கிலம். கன்னியாஸ்திரிகள் பழக்கிய சாய்வெழுத்து. அதைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத் தெரியாது" என்றேன்.

அப்போதுதான் அவர் பேசினார். "சின்னதும் என்னோடதுதான் மாத்தயா. ரெண்டையும் நான்தான் வாசிப்பேன்."

"ஒரே நேரத்திலா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் அட்டை என் கைக்கு வந்தது. பஸ் ஹோர்ன் அடித்தது. நான் நடந்து போய் ஏறி உட்கார்ந்தேன். ஒருமுறையாவது திரும்பிப் பார்த்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பார்க்கவில்லை.

என் தம்பியை இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சுற்றிவளைப்பில் பிடித்து, மாதக்கணக்கில் வைத்திருந்து, பிறகுதான் விட்டார்கள். அவன் திரும்பி வந்தபோது யாராவது கதவைத் தட்டினால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அதைச் சொல்லி என்னை நியாயப்படுத்த விரும்பவில்லை. சொல்லாமல் விட்டால் அதுவும் பொய்யாகிவிடும்.

வீட்டுக்குத் திரும்பாமல் நிகழ்ச்சிக்குப் போனேன். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று விசாரிப்பார்களே என்று பயம். எங்கள் பெயர் வாசிக்கப்பட்டபோது எழுந்து, மற்ற டீச்சருக்குச் சுகமில்லை என்று சொன்னேன். பகல் சாப்பாட்டுக்குச் சோற்றுப் பார்சல் தந்தார்கள். முழுவதையும் சாப்பிட்டேன்.

நான்காம் நாள் அவருடைய அம்மா தோட்டத்திலிருந்து என் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

"டீச்சரம்மா, நீங்கதானே எங்க பிள்ளையோட சேந்து ஊதுறவங்க? இப்ப பொலிஸுல வெச்சிருக்காங்க. அந்தப் புள்ளியெல்லாம் பாட்டுன்னு யாராவது படிச்சவங்க வந்து சொன்னா விட்டுருவாங்களாம். நீங்க ஒரு வார்த்த..."

"நாளைக்கு வர்றேன்மா" என்றேன்.

"நாளைக்கு எத்தன மணிக்கும்மா? நான் ஸ்டேஷன் வாசல்லயே நிக்கிறேன்."

"பத்து மணிக்கு."

அந்தத் தாய் மறுநாள் பத்து மணியிலிருந்து மாலைவரை வெயிலில் நின்றதாக அதிபர் சொன்னார். அதிபரும் என்னைக் கேட்டார், இரண்டு முறை. முதல் முறை மகளுக்குக் காய்ச்சல் என்றேன். இரண்டாம் முறை எனக்கு என்றேன்.

ஐந்து வாரம் கழிந்தது. உள்ளே அவர் சும்மா இருக்கவில்லையாம். வந்து போகும் ஒவ்வொரு பொலிஸ்காரரிடமும், மாத்தளையில் மரண வீட்டு பாண்டில் வாசிக்கும் ஒரு பெரியவர் இருக்கிறார், அவரைக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசியில் ஒரு கான்ஸ்டபிள் மனமிரங்கி அதிபரிடம் விஷயத்தைச் சொன்னார். அதிபர் போய்ப் பெரியவரைக் கூட்டிவந்தார். பெரியவர் கொப்பியை மேசையில் விரித்து, டியூபாவின் வரியை வாய்விட்டுப் பாடினாராம். புல்லாங்குழல் வரியைச் சீழ்க்கை அடித்துக் காட்டினாராம். தான் கொடுத்த அணிநடை வந்ததும், இது என் கையெழுத்தைப் பார்த்து எழுதியது என்று சத்தம் போட்டிருக்கிறார். மற்ற அறைகளிலிருந்து பொலிஸ்காரர்கள் வந்து சுற்றி நின்று கேட்டார்களாம்.

"புல்லாங்குழல் வாசிக்கிற அம்மா எங்கே, அவங்கள ஏன் கூட்டிட்டு வரலன்னு அந்தப் பெரியவரு கேட்டாரு" என்றார் அதிபர் என்னிடம். "உடம்பு சரியில்லன்னு சொன்னேன்." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

விடுவிக்கும் நாளில், வேனில் கூட வரச்சொன்னார் அதிபர். போனேன். பொலிஸ் நிலையத்துக்குள் போகவில்லை, வேனிலேயே உட்கார்ந்திருந்தேன். டீச்சர் டியூபாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். உடம்பு பாதியாகிவிட்டிருந்தது, கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, துவாயோடு புல்லாங்குழலை என் மடியில் வைத்தார்.

"இதைக் குடுத்துட்டாங்க டீச்சர். கொப்பியத்தான் குடுக்கல. மூனு தரம் கேட்டேன்."

நான் தலையை ஆட்டினேன்.

"அன்னைக்கு நிகழ்ச்சிக்குப் போனீங்களா?"

"போனேன்."

"பகல் சாப்பாடு குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"என்ன கறி?"

"முட்டை" என்றேன்.

"அது போதும்" என்று சொல்லி என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். பாடசாலை வாசலில் வேன் நின்றபோது, வீங்கிய காலோடு அவரால் தனியாக இறங்க முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பிள்ளைகளும் ஆசிரியர்களும் இரண்டு பக்கமும் நின்று அதைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமைகளில், "இன்னைக்கு வாசிப்போமா டீச்சர்?" என்று கேட்டார். தலைவலி என்பேன். வேலை இருக்கிறது என்பேன். கிழவரின் இசை மனப்பாடமாக இருக்கிறது, உட்கார்ந்து திரும்ப எழுதிவிடலாம் என்றார். அடுத்த கிழமை பார்ப்போம் என்றேன். ஏழெட்டு வெள்ளிக்கிழமைகளுக்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டார். அவர் ஒருவரிடம் கேட்பதை நிறுத்தி நான் கண்டது அந்த ஒரு முறைதான். ஆனால் அன்றைக்கு ஏன் தெரியாது என்று சொன்னீர்கள் என்று அவர் என்னை ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன், காலில் விழுந்திருப்பேன். அதற்காக எத்தனையோ நாள் காத்திருந்தேன். நானாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வருஷ முடிவில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று யட்டவத்தப் பக்கம் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, யுத்தம் முடியாத காலத்திலேயே, நான் ஓய்வு பெற்றேன். பாடசாலை மண்டபத்தில் பிரியாவிடை வைத்தார்கள். பழைய அதிபர் இறந்துவிட்டார். புதியவர் இளைஞர், நன்றாகப் பேசுவார். அவர் சேவைக்காலத்தைச் சொன்னார், பரீட்சை முடிவுகளைச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இந்தப் பாடசாலையில் எல்லோரும் சொல்லும் ஒரு கதை உண்டு. பயங்கரமான காலத்தில் ஒரு சக ஆசிரியையைப் பிடித்து வைத்தபோது, எல்லோரும் பயந்து ஒதுங்கியபோது, இவர் தனியாகப் பொலிஸ் நிலையத்துக்குப் போய், அது இசைதான் என்று விளக்கி, அவருடைய கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார்."

மூன்றாவது வரிசையில் அந்த டீச்சர் உட்கார்ந்திருந்தார். அழைப்பிதழ் கிடைத்ததும் யட்டவத்தயிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். தலை நரைத்திருந்தது. புதிய செய்தியைக் கேட்பவரைப் போல ஒரு கணம் புருவத்தை உயர்த்தினார். பிறகு கைதட்டத் தொடங்கினார். முதலில் தட்டியவர் அவர்தான். அதன் பிறகுதான் மண்டபம் தட்டியது.

என்னிடம் ஒலிவாங்கியைத் தந்தார்கள். ஏற்புரைக்காக ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அதை விரித்தேன். அதிபருக்கு நன்றி, சக ஆசிரியர்களுக்கு நன்றி, பெற்றோருக்கு நன்றி. கணக்கைக் கண்டு பயப்படாதீர்கள் என்று பிள்ளைகளுக்கு ஓர் அறிவுரை. எழுதியதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காமல் வாசித்து முடித்தேன். அவர் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.